எட்டுத் தடவை திரும்பி வந்த ஃபைல்

— ஒன்பது தடவைன்னா ஒன்பது தடவை, மேடம். ஃபைலைத் தூக்கிக்கிட்டு உங்க மேசைக்கு நடந்ததுல ஒன்னு குறையாது. ரெண்டு ஜோடி செருப்பு தேஞ்சுபோச்சு.

— எட்டு. ஒன்பதாவது தடவைதான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேனே, அதையும் ஏன் திட்டுற கணக்குல சேக்குறீங்க, குடோன்காரரே?

— குடோன்காரரே! அப்படிக் கூப்பிட்டு எத்தனை வருஷமாச்சு! வரிசையில நின்ன அத்தனை பேருக்கும் ஒரு பேர் வெச்சிருந்தீங்களே. ஐஸ்காரர், டயர்காரர், சிமென்ட்காரர்...

— ஆள் பேரு மறந்துபோகும், சரக்கு மறக்காது. முதல்ல உக்காருங்க. இது ஆபீஸ் இல்ல, என் வீடு.

— பழக்கம், மேடம். உங்க முன்னாடி உக்காந்ததே கிடையாது. ஏழு மேசைக்கும் சேர்த்து வெளியில ஒரே பெஞ்சு. அதுலயும் ஒரு கால் ஆடும். நாலு பேரும் ஒன்னா உக்காந்து ஒன்னா எந்திரிக்கணும்.

— ஒருத்தர் முந்திக்கிட்டா மத்த மூணு பேரும் தொபுக்கடீர். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் பேனா மூடியைத் திறப்பேன், அடுத்த ஆள் வர்றார்னு.

— சிரிக்காதீங்க, வயித்தெரிச்சல்! நிலத்துக்கு ஒரு மேசை, தண்ணிக்கு ஒன்னு, கரன்ட்டுக்கு ஒன்னுன்னு ஆறு மேசையையும் தாண்டி, மூச்சு வாங்க உங்ககிட்ட வந்து நிப்பேன். தீயணைப்பு, கடைசி மேசை. ஃபைலைப் புரட்டிப் பாத்துட்டு, தலையைக்கூட நிமிர்த்தாம, "பின்கதவு எங்கே?"ம்பீங்க.

— குடோன் வரைபடத்துல ஒரு வாசல்தானே இருந்துச்சு. இல்லாததைத்தான் கேட்டேன்.

— குடோன் அனுமதி வாங்க எனக்குப் பதினாலு மாசம், மேடம். எம் பொண்ணுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு, சொல்லுங்க பாப்போம். குடோனுக்குன்னே ஒதுக்கின புது சரக்கு மண்டலத்துல ஏழு மேசையும் கிடையாது, எல்லாம் ஒரே கவுன்ட்டர். அதுலயும் ஆள் இல்ல, கம்ப்யூட்டர்தான். வீட்டுல உக்காந்துகிட்டு, டீ ஆறுறதுக்குள்ள விண்ணப்பம் போட்டா. சாயங்காலம் அனுமதி வந்துடுச்சு!

— நல்லதுதானே. ஏழு மேசையில அஞ்சு வீண். எடுத்துடுங்கன்னு நானே மேல எழுதியிருக்கேன்.

— மீதி ரெண்டு?

— வீணோட சேர்த்து அதையும் தூக்கிட்டாங்க. சரி, இப்ப யாரு நேர்ல வந்து பாக்குறா?

— யாரும் வர்றதில்ல. எல்லாம் சரியா இருக்குன்னு நாமளே உறுதி கொடுக்கணும். இருபத்தாறு கேள்வி. எல்லாத்துக்கும் "ஆம்"னு போட்டா. இந்தாங்க, அவ புது குடோன் திறப்பு விழா அழைப்பு. அடுத்த வாரம். முதல் அழைப்பு உங்களுக்குத்தான்.

— அடேயப்பா, தாளே வழவழன்னு இருக்கு. அப்போ உங்க விண்ணப்பம் ஒவ்வொன்னுலயும் "ர" எழுத்துக்குக் கால் விழாது. அந்த டைப்ரைட்டர் இன்னும் இருக்கா?

— அது பழைய இரும்புக் கடைக்குப் போயி எவ்வளவோ காலமாச்சு. இதெல்லாமா ஞாபகம் வெச்சிருக்கீங்க?

— இருக்காதா பின்ன? என்னை அங்கருந்து தூக்கச் சொல்லி ஒரு மொட்டைக் கடிதாசி போச்சே, அதைக் காட்டித்தான் என்கிட்ட விளக்கம் கேட்டாங்க. அதுலயும் "ர"வுக்குக் கால் இல்ல.

— மேடம், அந்தக் கடிதாசி... நான்தான்.

— தெரியும். டீயைக் குடிங்க.

— தெரிஞ்சுமா, மேடம், ஒன்பதாவது தடவை கையெழுத்துப் போட்டீங்க?

— அதுக்குள்ள கதவு வெச்சிருந்தீங்களே. நானே வந்து தள்ளிப் பாத்தேன், வெளிப்பக்கமா நல்லாத் திறந்துச்சு. கடிதாசிக்கும் கதவுக்கும் என்ன சம்பந்தம்? அந்த மாசமே மாத்தல் வந்துச்சு, மூட்டை கட்டினேன். போன ஊரும் மோசமில்ல. நல்ல மழை.

— அப்ப இங்க நடந்தது எதுவும் உங்க காதுக்கு வரல.

— என்ன நடந்துச்சு?

— நீங்க போன மறு வருஷம். பட்டப்பகல். மெத்தை இறக்கிக்கிட்டிருந்தோம். முன்வாசல்ல நின்ன லாரி பத்திக்கிச்சு. கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள வாசல் முழுக்க நெருப்பு. உள்ள நாப்பத்தோரு பேர். எம் பொண்டாட்டியும் ரசீது எழுதிக்கிட்டு உள்ளதான் இருந்தா. வாயும் வயிறுமா, ஏழாம் மாசம்.

— ஐயோ...

— அத்தனை பேரும் பின்பக்கமா வந்துட்டாங்க, மேடம். உங்களைத் திட்டித் திட்டி வெச்ச கதவு வழியா. வெளியில நின்னு தலையை எண்ணுறேன், எண்ணுறேன், எண்ணிக்கை நிக்க மாட்டேங்குது. மூணாவது தடவைதான் நாப்பத்தொன்னு வந்துச்சு. உடனே உங்களைத் தேடி வந்திருக்கணும். கடிதாசி போட்ட கையை வெச்சுக்கிட்டு எப்படி வர்றது? அப்படியே இருபத்தேழு வருஷம் ஓடிப்போச்சு.

— அன்னைக்கு வயித்துல இருந்த பிள்ளை?

— அவதான் இந்த அனுமதியை வாங்கினவ.

— கண்ணு கலங்காதீங்க. எனக்கும் வந்துடும். வர்றேன், குடோன்காரரே. முன்வரிசையில உக்காந்து உங்க பொண்ணுக்குக் கை தட்டுறேன், போதுமா?

— கை தட்டுறது கிடக்கட்டும், மேடம். நேத்து தனியாப் போயி புது குடோனைச் சுத்திப் பாத்தேன். சுவர் நெடுக தீயணைப்புக் குழாய், பளபளன்னு சிவப்புப் பெயின்ட். ஒன்னைத் திருகினேன், சொட்டுத் தண்ணி வரல. இன்னொன்னு, அதுலயும் இல்ல. வாய் மட்டும்தான் வெச்சிருக்காங்க, பின்னால தொட்டியோட இணைக்கவே இல்ல. முந்நூறு பேர் வேலைக்கு வரப்போற இடம்!

— பொண்ணுகிட்டச் சொன்னீங்களா?

— சொன்னேன். "குழாய் உண்டான்னுதான் கேட்டாங்க, உண்டுன்னு போட்டேன். அடுத்த மாசம் இணைச்சுடுவாங்க, அனுமதிதான் வந்தாச்சேப்பா"ன்னு என் கன்னத்தைக் கிள்ளிட்டுப் போயிட்டா. பாசக்காரி, ஆனா பிடிவாதம். என் பேச்சு எடுபடல.

— நான் ரிட்டயர் ஆனவ. என் கையெழுத்து இப்ப எங்கயும் செல்லாதே.

— கையெழுத்து யாருக்கு வேணும்? நாளைக்குக் காலையில வாங்க, மேடம். எம் பொண்ணு முகத்துக்கு நேரா நின்னு, "முடியாது"ன்னு சொல்லுங்க.