சிங்கப்பெருமாள் கோயிலுக்கு வராத கடைசி ரீல்

நீங்கள் வாங்கிக்கொடுத்த டீ நன்றாக இருந்தது, ஐயா. சர்க்கரை போடாமல் இருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். நான் சர்க்கரையை விட்டு ஆறேழு வருஷம் ஆகிறது. வியாதி எதுவும் இல்லை. நடிகர் சுடர்வண்ணன் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை என்று ஒரு சினிமாப் பத்திரிகையில் போட்டிருந்தான், அன்றைக்கு விட்டதுதான். அப்புறம் அதே பத்திரிகையில் அவர் டீயே குடிப்பதில்லை என்று போட்டான். அதை நான் நம்பவில்லை.

என் பெயர் உலகநாதன். சிங்கப்பெருமாள் கோயில் ரயிலடிக்கு எதிரே வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். சுடர்வண்ணன் ரசிகர் மன்றத்துக்குச் செயலாளர். மன்றத்தில் தலைவர் பதவி காலியாகத்தான் இருக்கிறது. தலைவர் என்றால் அவர் ஒருத்தர்தான், இன்னொருத்தரை எப்படிப் போடுவது?

என் மகள் பிறந்த அன்று அவருடைய படம் வெளியானது. இடைவேளையில் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவசரத்தில் பையனா பெண்ணா என்று கேட்க மறந்துவிட்டேன். என் மனைவி வசந்தா இதை இன்னும் மனதில் வைத்திருக்கிறாள். "நான் செத்தா ஒரு சொட்டுத் தண்ணி வுடுவியாய்யா நீ?" என்று ஒருநாள் கேட்டாள். "அன்னிக்கு இன்னா படம் ஓடுதுன்னு பாத்துதான் சொல்லணும்" என்றேன், விளையாட்டாக. அவள் சிரிக்கவில்லை. பெண்களுக்கு விளையாட்டு புரிவதில்லை, ஐயா.

எனக்குக் கோபம் வராது. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். போன வருஷம், எழுபத்து மூன்றில், அவருடைய பிறந்த நாளுக்கு மாமல்லபுரம் கடற்கரையில் சடுகுடு போட்டி வைத்தோம். எங்கள் மன்றத்துக்கும் அந்த இன்னொரு நடிகரின் மன்றத்துக்கும். அவர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் பக்கம் கோவளத்து ஏசுபாதம் ஆடினான். வலை இழுத்து இழுத்துத் திரண்ட தொடை அவனுக்கு. பாடி வருகிறவன் 'சடுகுடு சடுகுடு' என்றுதானே பாட வேண்டும்? அவன் 'விக்கு விக்கு விக்கு' என்று பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினான். தலைவர் தலையில் இருப்பது சொந்த முடி இல்லையாம், அதற்காக. ஜனமெல்லாம் சிரித்தது. சிற்பம் பார்க்க வந்த வெள்ளைக்காரன் ஒருவன் அர்த்தம் தெரியாமலே சிரித்தான்.

நான் ஏசுபாதத்தின் காலைப் பிடித்து, முழங்காலை என் இடுப்புக்கு அடியில் கொடுத்துத் திருப்பினேன். முருங்கைக் கிளை முறிகிற சத்தம் வந்தது. பாட்டு நின்றது. பாட்டு நின்றால் அவுட், அதுதான் ஆட்டத்தின் சட்டம். நடுவராக இருந்த அப்பாசாமி விசில் ஊதாமல் வாயைப் பிளந்து நின்றார், நான்தான் ஞாபகப்படுத்தினேன். ஏசுபாதம் இப்போது கட்டை ஊன்றி நடக்கிறான். கோவளம் பஸ்ஸில் அவனைப் பார்த்தால் நான் எழுந்து இடம் கொடுப்பேன்.

இத்தனைக்கும் காரணமான அவருடைய புதுப் படம் மெட்ராஸில் வெளியான அன்றே முதல் காட்சிக்குப் போய்விட்டேன். கடைசி ரீலில் அவர் தங்கையைக் காப்பாற்றப் போய் நெஞ்சில் குண்டு வாங்குகிறார். கட்டிலில் கிடந்து இரண்டு வார்த்தை பேசுகிறார். கண்ணை மூடிவிடுகிறார். கொட்டகை முழுக்க ஓலம். பக்கத்து நாற்காலியில் இருந்த பெரிய மனிதர் மட்டும் என் தொடையைத் தட்டி, "நல்லா நடிச்சிக்கீறாரு, இல்ல?" என்று கேட்டார். நடித்தாராம். எனக்கு அடுத்து நினைவு வந்தபோது வாய் உப்புக் கரித்தது. அந்தப் பெரிய மனிதரின் காதில் ஒரு துண்டு குறைந்திருந்தது. என்னை வெளியே தள்ளிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் தலை முழுகிவிட்டுத்தான் உள்ளே போனேன். வசந்தா பதறிப்போய், "யார் வூட்டு சாவுய்யா?" என்று கேட்டாள். "நம்ம வூட்டு சாவுதான்" என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, ஊருக்குப் போன என் அண்ணனை நினைத்து அழ ஆரம்பித்துவிட்டாள். உண்மையைச் சொன்னதும் என்னைத் துடைப்பத்தால் அடித்தாள். நான் திருப்பி அடிக்கவில்லை. துக்கத்தில் இருக்கிறவன் கையை ஓங்கக் கூடாது.

ஊரில் யாருக்கும் விஷயத்தைச் சொல்லவில்லை. படம் எப்படி என்று கேட்டவர்களிடம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்தேன். மூன்றாவது வாரம் படம் செங்கல்பட்டுக்கு வந்தது. அதே பிரிண்டை எங்கள் ஊர்க் கொட்டகையிலும் ஓட்டுவதாகச் சுவரொட்டி ஒட்டினார்கள். எங்களுடையது கீற்றுக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சுற்றிலும் கறுப்புத் துணி கட்டிப் பகல் காட்சி போடுவார்கள். அந்த இன்னொரு மன்றத்துக்காரர்களுக்கு எப்படியோ முடிவு தெரிந்துவிட்டது. அவர் கண்ணை மூடுகிற சமயத்தில் கொளுத்துவதற்கு ஆயிரம் வாலாப் பட்டாசு வாங்கி வைத்திருந்தார்கள். இதை என்னிடமே வந்து சொன்னான் ஒருவன்.

கொட்டகை மானேஜர் ராஜேந்திரனிடம் போய்க் கையைப் பிடித்துக் கேட்டேன், கடைசி ரீலை மட்டும் விட்டுவிடுங்கள் என்று. "யோவ், முடிவு இல்லாம படம் வுட்டா கொட்டாய கொளுத்திருவானுங்கய்யா. போய் பஞ்சர் ஒட்டு, போ" என்றார். மரியாதையாகக் கேட்டேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் அவர் சாகக் கூடாது. எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

பக்தவத்சலத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு பிரிண்டு இரண்டு கொட்டகையில் ஓடினால், செங்கல்பட்டில் முன்னதாகத் தொடங்குவார்கள், எங்கள் ஊரில் பின்னால். அங்கே ஓடி முடிந்த ரீல்களைத் தகரப் பெட்டியில் போட்டு, கேரியரில் கட்டி, சைக்கிளில் கொண்டுவருவது பக்தவத்சலத்தின் வேலை. சைக்கிள் என் கடையுடையது. அவன் எங்கள் மன்றத்து ஆள்தான். நெஞ்சில் தலைவர் முகத்தைப் பச்சை குத்தியிருந்தான், கொஞ்சம் மூக்கு கோணல். மழையோ வெயிலோ ஒருநாளும் அவன் பெட்டி தாமதமாக வந்ததில்லை. தங்கமான பையன். அவன் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, இடைவேளைக்கான பெட்டியைச் சேர்த்துவிட்டுக் கடைசிப் பெட்டிக்காக அவன் செங்கல்பட்டுக்குத் திரும்பினான். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் அதிகம் என்று அவன் கொளவாய் ஏரிக்கரை வழியாகத்தான் வருவான். நான் காற்றடிக்கிற பம்பை எடுத்துக்கொண்டு கரையில் போய் உட்கார்ந்தேன். நல்ல வெயில். நாரைகள் நின்றுகொண்டிருந்தன. அவன் வந்தான்.

"பக்தா, நில்லு" என்றேன்.

"வழி வுடுண்ணாத்த, லேட்டாய்ட்ச்சி. ஜனம் கத்த ஆரம்பிச்சிடும்."

அவன் பிரேக் பிடிக்கவில்லை. முன்சக்கரத்துக் கம்பிகளுக்குள் பம்பை விட்டேன். ரிம் கோணியபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, போன மாசம்தான் மாற்றினேன். அவன் கைப்பிடியைத் தாண்டிப் பறந்து கருங்கல்லில் தோள் பட விழுந்தான். காறை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது.

"கை தவறிட்ச்சா அண்ணாத்த? பரவால்ல வுடு" என்றான். பிறகு, "பொட்டி நசுங்கலயே?" என்று கேட்டான்.

நசுங்கவில்லை என்றேன். அவன் ஒரு கையை ஊன்றி எழுந்தான். "தூக்கி என் தல மேல வை. பரனூர் வரிக்கும் நடந்துடறேன். அங்க எவனாவது லாரிக்காரன் ஏத்திக்குவான்."

"வேணாம் பக்தா. இத இங்கியே வுட்டுட்டுப் போ. இதுலதான் அவரு செத்துடறாரு."

அவன் வலியோடு சிரித்தான். "அது பழசுண்ணாத்த. மெட்ராஸ்ல ஜனம் ரகள பண்ணிட்ச்சின்னு கம்பெனிக்காரன் முடிவ மாத்தி எடுத்துட்டான். காலீல ரயில்ல புது ரீலு வந்துக்கீது. ஆபரேட்டர் ரூம்ல நின்னு பாத்துட்டுதான் வரேன். பொழச்சிக்கிறாரு அண்ணாத்த! கட்டில்லருந்து எழுந்து குந்தி சிரிக்கிறாரு! எனுக்கு அழுவ வந்துட்ச்சி."

அவன் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. இதை நீங்கள் அடிக்கோடிட்டே எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சாவை நான் கண்ணால் பார்த்தவன், தலை முழுகியவன். துக்க வீட்டுக்கு வந்த ஒருவன், செத்தவர் எழுந்துவிட்டார், வா காட்டுகிறேன் என்று சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? தலைவர் சாவை வைத்து விளையாடுகிறான் என்று நினைத்தேன். பெட்டியைக் கொடு என்றேன். அவன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

பம்பின் அடிப்பாகம் இரும்பு. முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. "அண்ணாத்த, நான்தான், பக்தன்" என்றான், ஆள் தெரியாமல் அடிக்கிறேன் என்று எண்ணி. தெரியும் என்றேன். அடுத்த அடியில் தாடை ஒரு பக்கமாக இறங்கியது, அதற்குப் பிறகு அவன் பேசியது எதுவும் புரியவில்லை. நான் அவசரப்படவில்லை. மண்டை இளகும்வரை அடித்தேன். அவன் அடங்கிய பிறகும் விரல்கள் பெட்டியின் வாரை விடவில்லை. ஒவ்வொன்றாகப் பின்பக்கம் மடக்கி ஒடித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு பொறுப்பு அவனுக்கு.

பெட்டியை ஏரியில் எறிந்தேன். திரும்பிப் பார்த்தால் அவன் குப்புறக் கிடந்தான், சட்டை கிழிந்து, நெஞ்சு சேற்றில் பதிந்து. தலைவர் முகம் சேற்றில் கிடக்கலாமா? அவனை மல்லாத்திப் போட்டு, ஏரித் தண்ணீரை அள்ளி அந்தப் பச்சையை மட்டும் கழுவிவிட்டேன். பக்தவத்சலத்தின் முகத்தைக் கழுவவில்லை. கழுவுவதற்கு முகமாக எதுவும் இல்லை.

நான் கொட்டகைக்குத் திரும்பியபோது, அங்கே இருந்த ரீல் ஓடி முடிந்திருந்தது. ஓடுகிற ரயிலின் படியில் நின்று தலைவர் தங்கைக்குக் கையசைத்தாராம், அதோடு வெளிச்சம் போட்டுவிட்டார்கள். நேரம் ஆக ஆக ஜனம் பெஞ்சுகளை உடைத்தது. திரையைக் கிழித்தது. ராஜேந்திரனின் தலையில் சோடா பாட்டில் உடைந்தது. யாரோ கீற்றில் நெருப்பு வைத்தார்கள், அந்த மன்றத்துக்காரர்களின் பட்டாசு அவர்கள் மடியிலேயே வெடித்தது. ஒருவனுக்குத் தொடை வெந்து சதை தொங்கியது. முறுக்கு விற்கும் காசியம்மாள் புகையில் இருமிக்கொண்டே என் சட்டையைப் பிடித்து, "கடைசீல இன்னாப்பா ஆவுது அவருக்கு?" என்று கேட்டாள். "நல்லா கீறாரும்மா, நீ வூட்டுக்குப் போ" என்றேன். அவள் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், ஐயா. நான் செய்ததெல்லாம் அதற்காகத்தான்.

சைக்கிள் மட்கார்டில் என் கடைப் பெயர் இருந்ததால் நீங்கள் நேராக என்னிடம் வந்தீர்கள். நான் எதையும் மறைக்கவில்லை. ஏரியில் பெட்டி கிடக்கிற இடத்தையும் காட்டினேன். பக்தவத்சலத்தின் தாயார் ஸ்டேஷன் வாசலில் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவது இங்கே கேட்கிறது, அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? அந்த அம்மாள் அந்த இன்னொரு நடிகரின் கட்சி.

இன்று காலையில் நீங்கள் அந்த ரீலைக் காயவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, என் பிடரியில் அறைந்து, பாருடா என்றீர்கள். பார்த்தேன். சின்னச் சின்னக் கட்டங்களில் அவர் கட்டிலில் கிடக்கிறார். கண்ணைத் திறக்கிறார். எழுந்து உட்கார்ந்து சிரிக்கிறார். நீங்கள் என்னமோ நான் இடிந்துபோவேன் என்று எதிர்பார்த்தீர்கள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. மூன்று வாரமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது.

கொலை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. அவர் பிழைத்துக்கொண்டார். இதில் யாரும் சாகவில்லை.