டிவி பிலிமை உரித்தவள்

படப்பையில் கம்பெனி பஸ் ஏறியதும் ஒரகடம் வரை தூங்கலாமென்று கண்ணை மூடினேன். முன் சீட்டில் யூனிஃபார்ம் போட்ட இரண்டு பெண்கள் விடவில்லை. இருவரும் டிவி பேக்கிங் லைனில் வேலை செய்கிறவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“உரிச்சிட்டேன் ஸ்டெல்லாக்கா. எங்க வூட்டு டிவி ஸ்கிரீன் மேல கம்பெனிலயே ஒட்டி வந்த பிலிமை உரிச்சே போட்டுட்டேன்” என்றாள் இளையவள்.

ஸ்டெல்லாக்கா பதறினார். “அத்த எதுக்குடி தொட்ட?”

“லைன்ல தொட்டாதான்க்கா சூப்பர்வைசர் கத்துவாரு. அந்தப் பயத்துல வூட்லயும் யாரையும் கிட்ட வுட்டதில்ல நானு. எங்க வூட்டுக்காரரு டிவில ஃபுட்பால் கேம் ஆடறப்பல்லாம் படம் மங்கலா கீதுன்னு ஒயரை மாத்தினாரு, கேம் மோடு போட்டாரு. கடைசில கேம் பாக்ஸுதான் போச்சுன்னு விக்கக் கெளம்பிட்டாரு.”

“அப்பறம்?”

“நேத்து நானும் அவரு கூட ஆடிகினு இருந்தேன். ஒரு மூலைல பிலிமு தூக்கிகினு இருந்துது. அங்க மட்டும் கிரவுண்டு பச்சைப்பசேல்னு தெரிஞ்சுது. புடிச்சு ஒரே இழு! ப்பா, புல்லு ஒண்ணொண்ணா தெரியுதுக்கா. பிளேயர் மூஞ்சில வேர்வை தெரியுது. இவரு வாயைப் பொளந்துகினு பாக்கறாரு, அந்த கேப்புல நான் கோல் போட்டுட்டேன்!”

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். ஸ்டெல்லாக்கா சிரிக்கவில்லை. போனை எடுத்தார்.

“ஏங்க, நம்ம டிவி மேல பிலிமு கீதே... இல்ல, இல்ல, நீங்க தொடாதீங்க. ஷிப்ட் முடிச்சு வந்து நான் உரிக்கிறேன்.”