வாசித்துக் காட்டிய தாள்கள்

இந்த வளைகுடா நகரத்தில், நான் தங்கியிருக்கும் ரோலா பகுதியில் காலை ஏழு மணிக்கு மேல் பேருந்து ஏறினால் உட்கார இடம் கிடைக்காது. அதனால் நான் ஆறரைக்கே ஏறிவிடுவேன். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட டூட்டிக்குத் தாமதமாக வந்ததில்லை. விசாரணைக் குழு இதையும் எழுதிக்கொள்ளலாம்.

நான் இங்கே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஸ்ரீனிவாசனின் ஆய்வு உதவியாளர். அமெரிக்கா உருவான புதிதில் அதன் படை மேற்கே எப்படிப் பரவியது என்பதுதான் அவருடைய முப்பது வருட ஆராய்ச்சி. பார்வை மங்கியபின், தளபதிகளின் பழைய கடிதங்களை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வேன். புத்தகத்தின் ஆறு அத்தியாயங்களில் இரண்டை நானேதான் எழுதினேன். என் பெயர் எங்கே வரும் என்று கேட்டேன்.

“டைப்பிங் உதவின்னு போட்டுடறேம்மா. உங்க குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு நீ. அதுவே பெருசில்லையா?”

நான் கோபப்படவில்லை. அத்தியாயங்களை மறுபடி வாசித்தேன். அந்தப் படை நிலம் பிடித்த முறை தெளிவாக இருந்தது. முதலில் பாதுகாப்புக்கு என்று ஒரு கோட்டை. பிறகு அதற்குச் சாமான் போக ஒரு பாதை. கடைசியில்தான் ஒப்பந்தம், ஆங்கிலம் தெரியாத பூர்வகுடித் தலைவர்களுக்கு யாராவது அதை வாசித்துச் சொல்வார்கள்.

பாதுகாப்புக்கு என்று அவருடைய பாஸ்வேர்டை வாங்கி வைத்துக்கொண்டேன். பிறகு மின்னஞ்சல்களுக்கு நானே பதில் போட்டேன். போன வருடம் மார்ச்சில், கண் ஆபரேஷனுக்குச் சென்னை கிளம்பியவரிடம் இரண்டு தாள்களை நீட்டினேன்.

“என்னது இது?”

“ஒண்ணு மெடிக்கல் லீவு, சார். மற்றது பப்ளிஷருக்கு உங்க அட்ரஸ் மாத்தச் சொல்லி.”

“வாசி.”

வாசித்தேன்.

“மெதுவாம்மா ஷாஜினி. உங்க ஊர் மீன் ஏலமே இதைவிட நிதானமா நடக்கும்.”

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

முதல் தாள் ராஜினாமா. இரண்டாவது, ஆசிரியர் இடத்தில் என் பெயரை மட்டும் போட அவர் சம்மதிக்கும் கடிதம். அவர் அங்கே இருக்கும்போதே இங்கே விசா ரத்தானது. ஆபரேஷன் பலிக்கவில்லை. அதற்கு நான் பொறுப்பில்லை.

இதை மோசடி என்கிறீர்கள். என் அப்பா, இஸ்ரவேல் என்று பெயர், இதே நாட்டில் ருவைஸ் எண்ணெய் ஆலையில் வெல்டராக இருந்தார். பதினெட்டு வருடம், வாசிக்கத் தெரியாத அரபித் தாள்களில்தான் கையெழுத்துப் போட்டார். அதற்காக எந்தக் குழுவும் உட்காரவில்லை.

கண்ணைக் காரணம் காட்டிப் பல்கலைக்கழகம் அவரை நீக்கிவிட்டது என்று சாரிடம் சொன்னேன். நம்பிவிட்டார். சென்னையில் தனியாக இருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் போனில் அச்சான புத்தகத்தை அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

“அட்டையில என் பேரு பெருசா இருக்காம்மா?” என்று போன வாரமும் கேட்டார்.

“பெருசா இருக்கு, சார்.”

நீங்கள் தயவுசெய்து அவரிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள். அந்த மனிதர்மேல் அக்கறை உள்ள ஆள் இந்த உலகத்தில் இப்போது நான் ஒருத்திதான்.