அம்மாள் கையில் துரையின் வாள்

— எழும்பு மச்சான், கோணாமலை. கோயில் பூசாரி எண்டு வாசலை மறிச்சு இருக்காத. நான் என்ட வாளை எடுத்துப் போட்டுப் போறன்.

— தள்ளி நில்லு, வினாயகமூர்த்தி. ஆமிக் காம்பில இருந்து உன்னை விட்டு ரெண்டு நாளாகல்ல, காளி கோயில்ல களவெடுக்க வந்து நிக்காய். இஞ்ச இருக்கிறதெல்லாம் அம்மாட வாள்.

— விசர்க் கதை கதையாத. சூலத்துக்குப் பக்கத்தில, பித்தளைப் பிடியில கிரீடம் போட்டது என்ட வாள். வெள்ளைக்கார ஒபிசர் இடுப்பில கட்டினது, விளங்குதா? பதுளையில தோட்டத்துரைட பங்களாச் சாமானை விக்கக்குள்ள, மூண்டு நாள் காத்துக் கிடந்து வாங்கினன்.

— ஓம், ஓம். நீ அதுக்கு எண்ணெய் பூசினதை ஆரையம்பதியே பாத்தது. என்ட தங்கச்சி இரத்தினம்மாவை ஒரு நாள் அப்பிடிப் பாத்தியா?

— ஆமி சுற்றிவளைப்பு எண்டதும் என்ட மற்ற ரெண்டு வாளையும் வாவிக்குள்ள எறிஞ்சன். சேறு விழுங்கிப் போட்டுது. இதை எறிய மனம் வரல்ல. ஒளிச்சு வை எண்டுதானே தந்தன்? குங்குமம் பூசச் சொன்னனா?

— அம்மாட நாலு வாளுக்கு நடுவில வைக்காம வேற எங்க ஒளிக்கிற? ஆமிக் கப்டன் சப்பாத்தைக் கழட்டிப் போட்டு உள்ள வந்தான். இதைக் காட்டி, ஆருட வாள் எண்டு கேட்டான். அம்மாட வாள் எண்டன். கும்பிட்டுட்டுப் போயிட்டான்.

— நல்ல பொய். உனக்குப் புண்ணியம் கிடைக்கும். இப்ப தா. நுனியில என்ன அது?

— தேசிக்காய்.

— அந்த எலுமிச்சம் புளி இரும்பைத் தின்னும், விளங்குதா? பிடியிலயும் சந்தனம் அப்பி வெச்சிருக்காய். அது திருக்கைத் தோல் மச்சான்.

— மீன் தோலா? அம்மாளாணை, எனக்குத் தெரியாது. சரி, மீன்பிடிக்கிற ஊர் அம்மாள்தானே, கோவிக்க மாட்டா.

— பகிடி விடாத. எனக்கு மிஞ்சினது இது ஒண்டுதான்.

— கேள் மச்சான். அண்டு நான் கோயில்ல நிண்டு சொன்னது பொய். நீ இதை எடுத்தா அது பொய்யாவே கிடக்கும். விட்டா மெய்யாப் போகும்.

— உன்ட பொய்யை மெய்யாக்க என்ட வாளா கிடைச்சிது?

— அப்ப எடு. முதல்ல பிடியில கட்டியிருக்கிற மஞ்சள் துணியை அவிழ். நேர்ந்து கட்டினது.

— ஆர் கட்டினது?

— இரத்தினம்மா. உன்னை ஆமி லொறியில ஏத்தின அண்டு பின்னேரம் வந்தாள். வாளைக் கண்டதும் ஆருடையது எண்டு அவளுக்கு விளங்கிட்டுது. ‘என்ட மனுசன் உசிரோட வந்தா, அவர் ஆசையா வெச்சிருக்கிறதையே உனக்குத் தாறன்’ எண்டு சொல்லிக் கட்டினாள். பதினொரு நாளும் ஒருநேரச் சோறுதான்.

— எனக்கு ஒண்டும் சொல்லல்லையே.

— சொன்னா நீ வாளைப் பாப்பியோ அவளைப் பாப்பியோ எண்டு பயமாம். என்ன, துணியை அவிழ்க்கல்லையா?

— வாளுக்கு ஒரு தோல் உறை இருக்கு, மச்சான். வீட்ட கிடக்கு. நாளைக்கு இரத்தினம்மாவையும் கூட்டிக் கொண்டு வந்து வாளையும் உறையையும் நானே அம்மாட்ட குடுக்கிறன். அதுவரைக்கும் அந்தத் தேசிக்காயை மட்டும் கழட்டி வை.