பதிமூன்று பேருக்குக் கரி

— ஒன்பதுன்னு நான் சொல்லல வாத்தியாரே, உங்க கோக்-பெல் பள்ளிக்கூடத்துப் பதிவேடு சொல்லுது.

— பதிவேடு கிடக்கட்டும், புருல்கான் அக்கா. பதிமூணு பேருக்குக் கரி வேணும்.

— நவம்பர் பட்ஜெட் திருத்தத்துல செலவு வரம்பை ஏத்தணும்னா பதிவேட்டுல தலை இருக்கணும். தலைக்கு அறுநூத்தம்பது கிலோ. ஒன்பது தலைக்கு அஞ்சே முக்கால் டன் சொச்சம் வருது. அஞ்சுன்னு போட்டுட்டேன்.

— அந்த முக்கால் டன் எங்க போச்சு?

— டன் கணக்கைக் கீழ்ப்பக்கமாத்தான் முழுசாக்கணும். நிதி அலுவலகத்துல இந்த மேசைக்கு வந்து பதினாறு வருஷமாச்சு, ஒரு தடவை மேல ஏத்தினதில்ல. டீ குடிங்க. மலை இறங்கி வந்ததுல முகம் வெளுத்துக் கிடக்கு.

— வேணாம் அக்கா. பிள்ளைங்க பூட்ஸை வாசல்ல கழட்டிட்டுத்தான் வகுப்புக்குள்ள வருதுங்க. ஒன்பது ஜோடி. ஆனா அடுப்பைச் சுத்தி பனி உருகின தண்ணி பதிமூணு இடத்துல நிக்குது.

— கூரை ஒழுகும். அதுக்கு வேற தலைப்புல பணம். அடுத்த வருஷம் எழுதிப் போடுங்க.

— ஒழுகற தண்ணி, ஆள் உக்காந்த மாதிரியா நிக்கும்?

— என்ன பேச்சு இது, பட்டப்பகல்ல!

— பகல்லதான் வர்றாங்க. மணி அடிச்சதும். அடுப்போரத்தை அவங்களே அடைச்சுக்கிறாங்க. என் பிள்ளைங்களுக்குப் பென்சில் பிடிக்க விரல் மடங்கல.

— யாரு ‘அவங்க’?

— முந்தின குளிர்காலம் வரம்பைக் குறைச்சீங்களே. கரி பத்தல. சூடு வெளிய போயிடக் கூடாதுன்னு, கங்கு அணையறதுக்கு முன்னாடியே புகைபோக்கியை மூடினேன். நான்தான் மூடினேன். கரிவாயு உள்ளயே தங்கி, மூணு பேர் மேசையில தலை சாய்ச்சாங்க.

— வாத்தியாரே...

— எழுப்பினேன். எந்திரிக்கல.

— அந்தச் சாவு விசாரணை அறிக்கையில கையெழுத்துப் போட்டவ நான். மறந்தா போவேன்?

— அதுக்கப்புறம் அந்த மூடியை நான் தொடறதே இல்ல. போன செவ்வாக்கிழமை பாடம் நடக்கறப்பவே மூடியிருந்துச்சு. ஒரு பிள்ளை தலை வலிக்குதுன்னுச்சு. ஜன்னலை உடைச்சுட்டேன். நேத்தும் மூடியிருந்துச்சு.

— அதைக் கழட்டி எறிய வேண்டியதுதானே?

— எறிஞ்சேன். இன்னிக்குக் காலையில அந்த ஓட்டையில ஈரக் கம்பளி அடைச்சிருந்துச்சு. அவங்களுக்குக் குளிருது அக்கா. கரி குறையக் குறைய அடைக்கிறாங்க. நான் காட்டின வழிதானே.

— இருங்க. ஒன்பதும் மூணும் பன்னெண்டு. நீங்க பதிமூணு கேக்கறீங்க. இந்தக் கதையிலயும் ஒரு தலையைக் கூட்டிட்டீங்களா? சாமர்த்தியம்தான்!

— வியாழக்கிழமை போர்சோக் பணியாரம் பொரிக்கறீங்களா, அக்கா?

— அது எதுக்கு இப்போ?

— செத்தவங்களுக்கு எண்ணெய் வாசம் போகணும்னு எல்லார் வீட்டுலயும் பொரிக்கிறதுதானே.

— நாப்பதாம் நாளோட நிறுத்திட்டேன். என் பொண்ணு ஜிபெக் இருந்தப்போ, மாவு உப்பறதுக்குள்ள சட்டியிலேர்ந்து ஒண்ணு திருடுவா.

— அவளை அவங்க அப்பா ஊர்லதானே அடக்கம் பண்ணினாங்க?

— தெரியாத மாதிரி கேக்கறீங்க. உங்க பள்ளிக்கூடத்துக்கு மேல இருக்கற மேட்டுலதான். நீங்களும் மண்ணு போட்டீங்கன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னார்.

— போட்டேன். இப்ப வாசம் நின்னு போச்சாம். சூடு தெரிஞ்ச இடத்துக்கு வந்துட்டா.

— எந்திரிங்க. வெளிய போங்க.

— போறேன். இன்னிக்குக் கிளம்பறப்போ, ‘அம்மாகிட்டயா போறீங்க? அவங்க கீழ்ப்பக்கமாத்தான் முழுசாக்குவாங்க’ன்னா. அந்த மூணு பேரும் பொடிசுங்க, அக்கா. புகைபோக்கி ஓட்டை அவங்களுக்கு எட்டாது. எட்டற உயரம் ஜிபெக் ஒருத்திதான். உசுரோட ஒன்பது பேர் உக்காந்திருக்காங்க. ஒரே ஒரு தடவை, மேல்பக்கமா, பதிமூணுன்னு எழுதுங்களேன்?