மேகம் மறைக்காத எண்ணெய்

பட்டர்வொர்த் ஃபெர்ரிப் படகில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா, பக்கத்தில் இருந்த தோழியிடம் சொன்னார்: “என் தம்பிய வானத்துலேருந்து புடிச்சுக் குடுத்தது என் வீட்டுக்காரருதான்லா.”

“என்னக்கா சொல்றீங்க?”

“பிளேன்ல போயி, கடல்ல எண்ணெய் விடுற கப்பலத் தேடுறதுதான் அவரு வேலை. தம்பி ஒரு கப்பல்ல இஞ்சின் பாத்துக்கிட்டிருந்தான். கழிவெண்ணெயக் கடல்ல தொறந்து விட்டுட்டான். இவரு ரிப்போர்ட் எழுதிட்டாரு. தம்பிக்கு வேலை போச்சு.”

“இவரு மேல சுத்துறது தம்பிக்குத் தெரியாதா?”

“தெரியும். மேகமா இருந்தா கேமராவுல ஒண்ணும் தெரியாதுன்னு எங்க வீட்டுல சாப்பிடுறப்ப இவருதான் சொன்னாரு. அத நம்பி, மேகமான நாளாப் பாத்து விட்டிருக்கான். ஆனா பிளேன்ல புதுசா ராடார் மாட்டிட்டாங்க. அதுக்கு மேகமெல்லாம் மறைக்காதாம்.”

“அத மட்டும் ஏன் சொல்லல?”

“கேட்டேன். ஆபீஸ் ரகசியமாம்லா.”