நீலத் தொட்டியில் நின்ற காளீஸ்வரியின் வயிற்றுப் பலூன்

என் பெயர் பொன்மணி, வயது 47, கணவர் பெயர் ஐயாதுரை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார்வளாகத்தில் குடியிருந்துகொண்டு, இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கம்பெனி அட்டையில் வயது 41 என்று இருக்கும், அது சேரும்போது நான் குறைத்துச் சொன்னது.

இறந்துபோன காளீஸ்வரி என் உடன்பிறந்த தங்கை. துணி வெள்ளையாகத் தெரிய நீலம் போடும் தொட்டியில் என்னோடு நின்றவள். குழந்தை தங்க எடை குறைய வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவள் இரைப்பைக்குள் பலூன் வைத்து, நீல மருந்து கலந்த தண்ணீரை அதில் நிரப்பினார்கள். அதன் பிறகு அரைத் தோசையோடு எழுந்துவிடுவாள். "ஏட்டி, மீதியப் பலூனுக்கு ஊட்டு" என்பேன். அவளும் சிரிப்பாள்.

சென்ற திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கழிப்பறையிலிருந்து வந்து, "யக்கா, ஒண்ணுக்கு நீலமா போகுது" என்றாள். எங்களுக்குக் குளிக்கிற தண்ணீர், துப்புகிற எச்சில் எல்லாமே நீலமாகத்தான் இருக்கும். அதனால் நான், "உள்ளயும் வெளுத்து மாப்பிள்ளைக்குப் புதுசா குடுக்கப் போறியாக்கும்" என்றேன். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுத் தொட்டிக்குத் திரும்பினாள்.

அதன் பிறகு புதன்கிழமை வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி எடுத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். சுருங்கிய பலூன் குடலில் இறங்கி அடைத்து, குடல் கிழிந்துவிட்டது என்று சொல்லி ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது, "யக்கா, இப்ப ஒண்ணும் கேலி பண்ண மாட்டியா" என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை இறந்துவிட்டாள்.

அதன் பிறகு அவள் கணவர் சதீஷ் என்னிடம், "மதினி, ஆஸ்பத்திரில யாரும் எதுவும் சொல்லலன்னு சொல்லுங்க, அப்பத்தான் கேஸ் நிக்கும்" என்றார். ஆனால் பலூன் வைத்த அன்று நர்ஸம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, நீலமாகப் போனால் பலூன் உடைந்துவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்று சொன்னார். "நாங்க தெனமும் நீலத்துலதானே கெடக்கோம்" என்று சொல்லி அவரையும் நான்தான் சிரிக்க வைத்தேன்.

இதைப் பெண் காவலர் பாண்டீஸ்வரி வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை.

ஒப்பம்: பொன்மணி

கையெழுத்து கோட்டைத் தாண்டி இழுபட்டிருப்பதற்குக் காரணம், போடுவதற்கு நான் எழுந்தபோது ஸ்டேஷனின் கைப்பிடி நாற்காலியும் என் பெருத்த இடுப்பில் சிக்கி என்னோடு எழுந்து வந்தது, நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கையில் பெண் காவலர் அதைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துக் கழற்றினார்.